மூடாத பக்கம்

ஏப்ரல் 2, புதன்

நூல் கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. மூன்று மாதமாகக் காலியாகக் கிடந்தது. இன்றைக்கு எழுத ஒரு விஷயம் இருக்கிறது.

ரேம் வந்துவிட்டது. என் கட்டிலுக்கு அடியில் இப்போது இருப்பவை: கேபினெட், மதர்போர்டு, பவர் சப்ளை, கிராஃபிக்ஸ் கார்டு, ரேம், டிஸ்க், மானிட்டர், பழைய பிராசசர் ஒன்று. பழையது என்பதால் பிராசசரோடு ஃபேன் வரவில்லை. அதைக் குளிர வைக்க ஏதாவது வாங்கி மாட்டிவிட்டால் என் கம்ப்யூட்டர் ஓடும். குளிர வைக்காமல் போட்டால் ஒரு நிமிடம்கூடத் தாங்காதாம்.

ஒன்றரை வருஷமாக ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டில் நாங்கள் மூன்று பேர் ஒரே அணி. தூத்துக்குடியில் செல்வின், பாலிடெக்னிக் படிக்கிறான். வாணியம்பாடியில் அஷ்ஃபாக், தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். திருப்பூரில் நான். இரண்டு பேரையும் நேரில் பார்த்ததில்லை. அவர்கள் மைக்கில் பேசுவார்கள், நான் டைப் அடிப்பேன். இதுவரை போனில் விளையாடினோம். அடுத்த மாதம் வரும் போட்டி கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

செல்வின் அனுப்பியது: “மே நாலு, ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி. கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சிட்டு இருந்தா செத்தோம். எல்லாரும் மைக்ல இருக்கணும். கேவி, ஒன்னத்தான் சொல்லுதேன்.”

கேவி என்பது விளையாட்டில் என் பெயர்.

“மைக்ல கொஞ்சம் ப்ராப்ளம். பாக்கறேன் ப்ரோ” என்று பதில் போட்டேன்.

இன்று செக்கிங்கில் எழுநூறு பீஸ் பார்த்தேன். பனியனில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி அந்தப் பக்கம் போட்டுவிட வேண்டும். வாயைத் திறக்க வேண்டியதில்லை. எனக்குப் பிடித்த வேலை.

ஏப்ரல் 6, ஞாயிறு

அப்பா சாயப்பட்டறையில் பாய்லர் ஓட்டுகிறார். இன்று அவருக்கு வீட்டில் இருக்கும் நாள். காபி குடித்துக்கொண்டே கேட்டார்.

“என்னமோ இன்னொரு சாமான் வாங்கோணும்னயாமா. என்ன சாமி அது?”

“கூலருங்கப்பா.”

“ஏர் கூலரா? நல்லதுதான். இந்த வெயிலுக்கு நானே வாங்கலாம்னு இருந்தே.”

“வீட்டுக்கில்லீங்கப்பா. கம்ப்யூட்டருக்கு.”

ஓவர்லாக் மெஷினில் குழந்தை ஜட்டி தைத்துக்கொண்டிருந்த அம்மா, காலை எடுத்துவிட்டுச் சிரித்தாள். “நம்மளே வெந்துட்டுக் கெடக்கறம். அதுக்கு ஏர் கூலராக்கும்!”

இரண்டு வகை இருக்கிறது என்று சொன்னேன். ஒன்று ஏர், ஒன்று வாட்டர்.

“ஏர் கூலருக்கு எத்தன லிட்டர் தண்ணி புடிக்கும்?”

“அதுல தண்ணியே ஊத்த மாட்டாங்கப்பா.”

“அப்ப வாட்டர் கூலர்ல?”

“அதுலயும் ஊத்தக் கூடாதுங்க. கம்பெனிலயே உள்ள ஊத்தி அடைச்சுத் தந்துருவாங்க.”

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். “ஏங்கண்ணு, தண்ணி ஊத்தற ஏர் கூலர் பாத்திருக்கறேன். தண்ணி ஊத்தாத வாட்டர் கூலர இப்பத்தான் கேக்கறே. சரி, உள்ள இருக்கறது எந்தத் தண்ணி? போர்த் தண்ணியா, ஆத்துத் தண்ணியா? போர்த் தண்ணின்னா ஆறே மாசத்துல உப்புக் கட்டி அடைச்சுக்கும்.”

“அது வேற தண்ணிங்கப்பா. அடைச்சே இருக்கும். ஒழுகாது.”

“இருபது வருசமா பாய்லர் ஓட்டறே சாமி. ஒழுகாதுன்னு சொன்னவனெல்லாம் பாய்லர் பக்கத்துல நின்னதே கெடையாது. கரண்டுக்குள்ள தண்ணி வேண்டாம்.”

அதனால் வாட்டர் இல்லை. மிச்சம் இரண்டு: பிராசசர் மேல் உட்காரும் சின்ன ஃபேன், அல்லது டவர், அதாவது தகடு தகடாக அடுக்கிய உயரமான அலுமினியக் கட்டியும் அதன் பக்கத்தில் ஒரு பெரிய ஃபேனும்.

இரண்டில் எது அதிகச் சத்தம் போடும் என்று அஷ்ஃபாக்கிடம் கேட்டேன். “டவர் கம்னு இருக்கும். சின்னது லாரி மாதிரி கத்தும்பா. நீயெல்லாம் பேசுனா எங்களுக்குக் கேக்கவே கேக்காது” என்று அனுப்பினான்.

ஏப்ரல் 9, புதன்

கம்பெனி விட்டதும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கடைக்காரர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“யாருக்கு பாப்பா? அண்ணனுக்கா?”

தலையாட்டினேன். எனக்கு அண்ணன் கிடையாது.

“சின்ன ஃபேன்னு எழுதிக் குடுத்திருக்கறான். அது சத்தம் நெம்ப போடும். வேலையும் கம்மி. டவர் கொஞ்சந்தான் கூட. டவர் எடுத்துக்கச் சொல்லு, போன் போட்டுக் கேளு.”

நான் தாளில் சின்ன ஃபேன் என்று எழுதிய இடத்தில் விரலை வைத்தேன்.

“பேச மாட்டியா? சரி, அண்ணன் திட்டுனா என்ற கிட்ட வராத.”

சின்ன ஃபேனை எடுத்த காரணங்களை எழுதி வைக்கிறேன். மாட்டுவது சுலபம். இடம் அடைக்காது. சத்தம் எனக்கு ஒரு விஷயமே இல்லை, நான் ஓவர்லாக் மெஷின் பக்கத்தில் வளர்ந்தவள்.

செல்வினுக்கு அனுப்பினேன்: “ப்ரோ, என் ஃபேன் பயங்கர சத்தம். மைக் போட்டா உங்களுக்குத்தான் தொந்தரவு.”

இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லதுதானே.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஓடிவிட்டது!

காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன், முடியும்போது மதியம் இரண்டு. பிராசசருக்கும் ஃபேனுக்கும் நடுவில் ஒரு பசை வைக்க வேண்டும். பட்டாணி அளவு என்று வீடியோவில் சொல்கிறார்கள். பச்சைப் பட்டாணியா, கடையில் வறுத்து விற்கிற பட்டாணியா என்று சொல்லவில்லை. நடுவாக ஒரு அளவு வைத்தேன்.

முதல் தடவை பட்டனை அழுத்தியபோது ஒன்றும் நடக்கவில்லை. அழுகை வந்தது. பின்னால் பவர் சப்ளையின் சுவிட்ச்சைப் போடவே இல்லை என்று பிறகு தெரிந்தது. இரண்டாவது தடவை ஃபேன் சுற்றியது. அஷ்ஃபாக் சொன்ன லாரி, மேடு ஏறுகிற லாரி.

அப்பா தூரத்தில் நின்று பார்த்தார். “சத்தத்தப் பாத்தா ஓடற மாதிரித்தான் இருக்குது” என்றார்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைக் கனி. கம்பெனி லீவு. பக்கத்து வீட்டு ருக்மணி அத்தை கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தார்.

“இத்தனையும் ஒரு பொட்டப்புள்ள மாட்டுச்சா? பத்தாவதுல நல்ல மார்க்கு வாங்குன புள்ளயாச்சே. மேல படிக்க வெச்சிருக்கலாமில்ல?”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “என்னாலதானக்கா. எனக்கு ஆபரேஷன்னதும் கூட இருந்து பாத்துக்கறேன்னு நின்னுட்டா. என்ற வயித்துல இருந்த கட்டி என்ற புள்ள படிப்பத் தின்னுபோட்டுது. அதுக்குத்தான் அவ கேட்டத வாங்கிக்கட்டும்னு விட்டுட்டே.”

நான் உள்ளே போய் கேபிள்களை அழகாகக் கட்டினேன். அவை ஏற்கெனவே அழகாகத்தான் இருந்தன.

ஏப்ரல் 17, வியாழன்

விளையாடும்போது பிராசசரின் சூடு 84 டிகிரி. கொஞ்சம் அதிகம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்று ஒரு முட்டாள்தனம் செய்தேன்.

இந்த வீட்டில் எதைத் திறந்து வைத்தாலும் பஞ்சு படியும். அம்மாவின் மெஷின் துணி ஓரத்தை வெட்டி வெட்டித் தைப்பதால் நாள் முழுக்கப் பஞ்சு பறக்கும். ஒரே வாரத்தில் கேபினெட்டின் முன்பக்கம் நரைத்துவிட்டது. அதனால் நேற்று, மிச்சத் துணியிலிருந்து ஒரு துண்டை எடுத்து உறை தைத்து முன்பக்கம் மாட்டினேன். அழகாகப் பொருந்தியது. ஒரு நூல்கூட உள்ளே போகவில்லை.

காற்றும் போகவில்லை. நான் தைத்தது பனியன் துணி, நல்ல அடர்த்தி. நாளெல்லாம் துணியைத் தொட்டுப் பார்க்கிற வேலை செய்கிறேன், இது தெரியவில்லை.

மாலையில் பயிற்சி ஆட்டம், பெங்களூர் அணி ஒன்றோடு. பாதி ஆட்டத்தில் 97 டிகிரி. திரை கறுப்பாகி எல்லாம் நின்றுவிட்டது. மறுபடி ஓட வைத்து உள்ளே போவதற்குள் இரண்டு பேரும் அவுட்.

செல்வின் குரல் செய்தியில் கத்தியிருந்தான்: “ஏல கேவி, எங்கன போன? நீ நிக்கியா போயிட்டியான்னே தெரியாம உன்னையே நம்பி அந்தப் பக்கம் பாக்காம நின்னோம். வாயத் தொறந்து ஒரு வார்த்த ‘போச்சு’ன்னு சொல்லிருந்தாக்கூட ஓடிருப்போம்லா!”

கம்ப்யூட்டர் நின்ற பிறகு மைக்கில் மட்டும் எப்படிச் சொல்வது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அதற்கு முன்னால் பத்து நிமிடமாகச் சூடு ஏறிக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

உறையைக் கழற்றி, கம்பெனியில் கழித்துப்போட்ட மெஷ் துணியில் வேறு தைத்தேன். விளையாட்டு டி-ஷர்ட்டுகளில் கக்கத்தில் வைப்பார்களே, அந்தத் துளைத் துணி. பஞ்சு நிற்கிறது, காற்று போகிறது. 82 டிகிரி. சத்தம் அப்படியே இருக்கிறது. அது பரவாயில்லை.

அஷ்ஃபாக் தனியாகச் செய்தி அனுப்பினான். “கோச்சுக்காதபா. செல்வின் இன்னொரு பையன் கிட்ட பேசினு இருக்கான். அவங்க ஊர்க்காரன். ஞாயித்துக்கிழம பயிற்சில நீ மைக்ல வரலன்னா மாத்திடுவான். உனக்குக் கண்ணு நல்லா தெரியுது, யார் எங்க நிக்கிறாங்கன்னு நீதான் மொதல்ல பாக்குற. எனக்கு நீ போறது புடிக்கல.”

மூன்று தடவை படித்தேன். உனக்குக் கண்ணு நல்லா தெரியுது.

ஏப்ரல் 23, புதன்

அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி. நான் பள்ளிக்கூடத்துக்குக் கடைசியாகப் போனது ஜூன் இருபத்தாறு.

சும்மா ஞாபகம் வந்தது. எழுதினேன்.

ஏப்ரல் 26, சனி

சம்பளநாள். வேலை முடிந்து வந்தால் கட்டில்மேல் ஒரு பெட்டி. டவர் கூலர்.

அம்மா மெஷினிலிருந்து எழாமலே சொன்னாள். “அந்தச் சத்தத்துல நீ உன்ற கூட்டாளிகளோட எப்படிப் பேசுவ? அதான் பேசாம டைப் அடிச்சுட்டே இருக்கறயாட்ட இருக்குது. நானே கடைக்குப் போனே. சத்தம் போடாததாக் குடுங்கன்னே. எத்தன அங்குலத்துக்குள்ள வேணும்னு கேட்டாரு. நான் காலைலயே அந்தப் பெட்டிக் கதவக் கழட்டி அளந்து எழுதிட்டுப் போயிருந்தனே! அசந்துட்டாரு மனுசன்.”

“அம்மா, எனக்கு அது போதும்னு…”

“என்ன போதும்? எனக்காக எல்லாத்தையும் விட்டவ. இதையாவது நல்லதா வெச்சுக்க.”

உடனே மாட்டினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். பசை தடவி, திருகு முடுக்கி, எல்லாம் முடித்துப் பக்கக் கதவை வைத்தால் மூடவில்லை. டவரின் தலை கால் அங்குலம் வெளியே நிற்கிறது.

நான் டேப்பை எடுத்து அளந்தேன். உள்ளே சரியாக ஆறு அங்குலம். அம்மா கடைக்காரரிடம் கொடுத்த சீட்டைப் பார்த்தேன். ஆறரை.

“அம்மா, ஆறுதானே இருக்குது?”

அம்மா சீட்டைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அடக் கெரகமே! தையலுக்கு அரை அங்குலம் சேத்து எழுதிட்டனே!”

பதினெட்டு வருஷமாக எதை அளந்தாலும் தையலுக்கென்று அரை அங்குலம் சேர்த்துத்தான் அவள் கை எழுதும். இரும்புப் பெட்டியிலும் சேர்த்துவிட்டது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பா எட்டிப் பார்த்து, “தகரத்த நாலு தட்டு தட்டுனா சரியாயிரும்” என்று சுத்தியலைத் தேடப் போனார். தடுத்துவிட்டோம்.

பசை தடவிவிட்டதால் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். கதவைத் திறந்தபடியே ஓட்ட வேண்டியதுதான்.

ஓடவிட்டேன். ஒரு சத்தமும் இல்லை. சுற்றுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. 61 டிகிரி.

அம்மா, “எப்படி?” என்றாள்.

“நல்லா இருக்குதும்மா.”

நல்லாத்தான் இருக்கிறது. இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

பயிற்சி. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். மைக்கை மாட்டினேன். ம்யூட்டில் வைத்திருந்தேன். டவர் வந்ததை நேற்றே அஷ்ஃபாக்கிடம் சொல்லித் தொலைத்திருந்தேன்.

“கேவி, ஃபேன் மாத்திட்டன்னு அஷ்ஃபாக்ட்ட சொன்னியே, பேசு பாப்போம்” என்றான் செல்வின்.

“தொண்டை சரியில்ல ப்ரோ” என்று டைப் அடித்தேன்.

பிறகு செல்வின், “வர்ற ஞாயிறு நாலு மணி. நீ பேசுனா நீ. பேசலன்னா மொத ஆட்டத்தோட அந்தப் பையன். அவ்வளவுதான்” என்றான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 30, புதன்

எழுதிவிடுகிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள்.

என் குரல் கட்டைக் குரல். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, ஒரு நோயும் இல்லை, சிலருக்கு இப்படி அமைவதுண்டு என்றார். போனில் பேசினால் “தம்பி, அம்மாட்ட குடுப்பா” என்பார்கள்.

எனக்கு வைத்த பெயர் கோகிலவாணி.

பதினொன்றாம் வகுப்புக்குப் புதுப் பள்ளி. ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொல்லச் சொன்னார்கள். நான் எழுந்து, “என் பெயர் கோகிலவாணி” என்றேன். பின்வரிசையில் ஒருத்தன், “குயிலுக்கு மீசை முளைச்சிருச்சுடோய்!” என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த நாளிலிருந்து வருகைப் பதிவில் என் பெயர் வந்தால் யாராவது கூவுவார்கள். ஒருநாள் ஒருவன், ஒருநாள் நாலைந்து பேர். நான் ‘உள்ளேன்’ சொல்வதை நிறுத்தினேன். கையை மட்டும் தூக்கினேன். அதற்கும் கூவினார்கள்.

பிறகு காலையில் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அதன்பிறகு அம்மாவுக்கு உண்மையாகவே வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. நான் வீட்டில் இருப்பதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை. அவர்களே ஒரு காரணம் வைத்துக்கொண்டார்கள். நல்ல காரணம். நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மே 1, வியாழன்

மே தின லீவு. கேபினெட்டின் திறந்த பக்கத்துக்கு மெஷ் தைத்துப் பார்த்தேன். டவரின் தலை துணியில் இடிக்கிறது, ஃபேனில் சிக்கிவிடுமோ என்று பயமாக இருந்தது. கழற்றிவிட்டேன்.

அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “ஞாயித்துக்கெழம நாலு மணிதான? அப்ப நான் மெஷின ஓட்டல. பஞ்சு உள்ள போயி உனக்கு நின்னு கின்னு போச்சுன்னா?”

“பரவால்லம்மா, நீ தை. டெலிவரி இருக்குதல்ல.”

“ரெண்டு மணி நேரத்துல என்ன குடி முழுகிப் போகுது. நானும் இங்கயே உக்காந்து பாக்கறே. நீ எப்படித்தான் வெளையாடறேன்னு பாத்ததே இல்லயே.”

ஃபேன் சத்தம் போய்விட்டது. மெஷின் சத்தமும் இருக்காது. அம்மா வேறு இருப்பாள்.

மே 3, சனி

தூக்கம் வரவில்லை என்று எழுதப்போவதில்லை. படுத்தவுடன் தூங்கிவிட்டேன். கனவில் எல்லாப் பனியனிலும் ஓட்டை. ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது.

மே 4, ஞாயிறு

மூன்றரைக்கே உட்கார்ந்தேன். அம்மா மெஷின் ஸ்டூலை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்பீக்கர் சத்தம் அவளுக்கும் கேட்க வேண்டும் என்றாள். மைக்கை மட்டும் சட்டைக் காலரில் குத்திக்கொண்டேன். அறையில் அவள் மூச்சு எனக்குக் கேட்டது.

மொத்தம் இருபது அணி. மூன்று ஆட்டம். மூன்றின் மார்க்கையும் கூட்டி முதல் எட்டு அணி அடுத்த சுற்றுக்குப் போகும்.

முதல் ஆட்டத்தில் நான் ம்யூட்டை எடுக்கவில்லை. எடுக்கப் போவேன், விரல் அங்கேயே நிற்கும். “கேவி, ஆன் பண்ணுல” என்று செல்வின் இரண்டு தடவை சொன்னான். பிறகு சொல்லவில்லை. பதினேழாம் இடம்.

“சரி. நான் அவனக் கூப்பிடுதேன்” என்றான் செல்வின். அவன் கூப்பிட்ட பையன் எடுக்கவில்லை. அதற்குள் இரண்டாவது ஆட்டம் தொடங்கிவிட்டது. “என்ன கொடுமையோ. கேவி, இந்த ஒரு ஆட்டம் நில்லு” என்றான்.

இரண்டாவது ஆட்டத்தில் அவர்கள் இருவரும் ஒரு குடோனுக்குள் போனார்கள். நான் எதிரே தண்ணீர்த் தொட்டிமேல் படுத்திருந்தேன். என் வேலை பார்ப்பது. அவர்கள் முன்வாசலில் வருபவர்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் புதரில் ஒரு இலை மற்ற இலைகளைப் போல் அசையவில்லை. துணியில் ஒரு தையல் மட்டும் கோணிப் போயிருந்தால் தெரியுமே, அந்த மாதிரி. உற்றுப் பார்த்தேன். இரண்டு பேர்.

டைப் அடித்தேன். யாரும் படிக்கவில்லை. மறுபடி அடித்தேன். புதரிலிருந்த இரண்டு பேரும் எழுந்து பின்கதவுக்கு நடந்தார்கள். என் துப்பாக்கிக்கு எட்டாத தூரம். கதவுக்கு இன்னும் பத்தடி இருந்தது.

“செல்வின், பின்னாடி! பின்கதவு, எடது பக்கம், ரெண்டு பேரு!”

அறை முழுக்கக் கேட்டது. அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை.

செல்வின் திரும்பிச் சுட்டான். ஒருவன் விழுந்தான். மற்றவனை அஷ்ஃபாக் சுட்டான். அதன்பிறகு ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை.

“யாருல அது பேசுனது?” என்றான் செல்வின்.

“நான்தான். கேவி.”

“தொண்ட இன்னும் சரியாகலயோ?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவனே எடுத்துக் கொடுத்தான். இனி எப்போதும் தொண்டை சரியில்லாத ஒரு பையனாக இருந்திருக்கலாம். அம்மாவின் ஸ்டூல் லேசாகக் கிறீச்சிட்டது.

“தொண்ட நல்லாத்தான் இருக்குதுங்க. என்ற குரலே இதுதான். நான் பையனில்ல. பொண்ணு. என்ற பேரு கோகிலவாணி.”

கூவுவார்கள் என்று காத்திருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன்.

“அய்யய்யோ” என்றான் அஷ்ஃபாக். “ஒன்ற வருஷமா ப்ரோ ப்ரோன்னு கூப்டுனு இருந்தமேபா!”

“ஏ, அதெல்லாம் பொறவு பேசலாம்” என்றான் செல்வின். “கோகிலவாணி, பொதர்ல இன்னும் ஆளு உண்டா இல்லயா? அதச் சொல்லு மொதல்ல.”

“இல்ல. ஆனா ரோட்டுக்கு அந்தப் பக்கம் மூணு பேரு வர்றாங்க. சுவத்த ஒட்டி.”

“எவ்வளவு தூரம்?”

சொன்னேன். அதன்பிறகு சொல்லிக்கொண்டே இருந்தேன். வலது, இடது, மேலே, இப்ப வேண்டாம், இப்ப போ. செல்வின் கத்த ஆரம்பித்தால், “கத்தாதீங்க, காலடிச் சத்தம் கேக்க மாட்டேங்குது” என்றேன். அவன் அடங்கினான். அந்த ஆட்டத்தில் இரண்டாம் இடம். மூன்றாவதில் நான்காம் இடம்.

கூட்டிப் பார்த்தால் ஒன்பதாம் இடம். எட்டு அணிக்குத்தான் மேலே இடம்.

முதல் ஆட்டத்தின் பதினேழாம் இடம். அது என்னால்.

“இந்த வாயி ஒரு ஆட்டத்துக்கு முன்னாடி தொறந்திருக்கக் கூடாதா?” என்றான் செல்வின். “கிண்ணென்னு இருக்கு குரலு. எங்க பக்கம் படகுல நிக்கவனுக்குக் கரையிலேர்ந்து சொல்லுத மாதிரி. இத வச்சிக்கிட்டா ஒன்ற வருஷமா டைப் அடிச்ச நீ?”

“மன்னிச்சுக்கோங்க.”

“மன்னிப்பு மண்ணாங்கட்டிலாம் வேண்டாம். அடுத்த போட்டி ஜூன்ல. வியாழக்கிழம பயிற்சி, ஆறு மணி.”

“அந்தப் பையன்?” என்று கேட்டேன்.

“எந்தப் பையன்?” என்றான்.

கம்ப்யூட்டரை அணைத்தேன். அம்மா அசையாமல் இருந்தாள். நான் திரும்பவில்லை.

“ரெண்டு வருசத்துல நீ இத்தன பேசி நான் கேக்கல” என்றாள்.

கொஞ்சம் பொறுத்து, “பேரச் சொல்லிப்போட்டு எதுக்குக் கண்ண மூடிட்டு உக்காந்திருந்த?” என்று கேட்டாள்.

சொன்னேன். பள்ளிக்கூடம், வருகைப் பதிவு, வயிற்றுவலி, ஜூன் மாதம், எல்லாம். உனக்காகப் பள்ளியை விடவில்லை என்பதை மட்டும் முணுமுணுத்தேன். மறுபடி சொன்னேன்.

“ஆபரேஷனுக்கு ரெண்டு மாசம் முந்தியே நீ நின்னது எனக்குத் தெரியாதா?” என்றாள் அம்மா. “நான் வலில சுருண்டு கெடந்தத நீ பாத்துட்ட, அதான் வெளிய சொல்லாம பள்ளிக்கொடத்த விட்டுட்டன்னு நெனச்சே. தெனம் மெஷின்ல உக்காந்தா அதே நெனப்பு. ரெண்டு வருசம்டி.”

எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். உண்மையான அடி, வலித்தது. பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். சாப்பாடு போடும்போது தட்டை ணங்கென்று வைத்தாள். அப்பா இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, “என்ன, ஒழுகிருச்சா?” என்று கேட்டார்.

மே 5, திங்கள்

வேலை முடிந்து வந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா மெஷினை நிறுத்தினாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் தலை வாரி, பூ வைத்திருந்தாள்.

“உக்காரு” என்றாள். “அந்தப் பள்ளிக்கொடத்துல கூவுனானுகளே, அவனுக பேரெல்லாம் சொல்லு.”

“எதுக்கும்மா இப்ப?”

“எனக்குத் தெரியோணும். சும்மா முணுமுணுக்காத. நல்லாச் சத்தமாச் சொல்லு.”

சொன்னேன். ஒவ்வொரு பெயராக. மளிகைக் கடைக்காரர் மகன் பெயர் வந்தபோது, “அவனா! ஒண்ணாவது வரைக்கும் ஜட்டி போடத் தெரியாதவன்” என்றாள். இன்னொருத்தி பெயருக்கு, “அவங்கம்மாளுக்குப் பாவாட தெச்சுக் குடுத்திருக்கறே நானு” என்று பல்லைக் கடித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கினாள். இரண்டு கையும் தீர்ந்து மறுபடி முதல் விரலுக்கு வந்தாள். பதினோரு பேர்.

“அவ்வளவுதானா?”

டீச்சரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

“சேத்துக்க” என்றாள்.